ஃப்ரண்டியர் ஃபீல்ட்ஸ் லென்ஸ் மாடல்கள்: காசு கேட்காது, பொறுமை கேட்கும்

ஹபிள் தொலைநோக்கியின் ஃப்ரண்டியர் ஃபீல்ட்ஸ் படங்களையும், அவற்றோடு சேர்த்துக் கொடுக்கிற லென்ஸ் மாடல்களையும் கொஞ்ச காலமாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். செல்போனுக்கும் மிக்ஸிக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கும் ஓர் அறிவியல் சேவைக்கும் அப்படி ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது, அவ்வளவுதான். நான் வானியல் ஆராய்ச்சியாளன் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போனவன், பைத்தான் எழுத வரும், இரவில் நேரம் கிடைக்கும். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்டு கிடப்பதுதான் கேலக்ஸிக் கொத்து. அதன் எடையில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். இவ்வளவு எடை ஓரிடத்தில் இருந்தால் பின்னாலிருந்து வரும் ஒளி வளையும், அதனால் பின்னால் உள்ள கேலக்ஸி பெரிதாகவும் பிரகாசமாகவும் தெரியும், சில இடங்களில் ஒரே கேலக்ஸி மூன்று நான்காகத் தெரியும், சில இடங்களில் நீண்ட வில்லாக இழுபட்டுத் தெரியும். இதற்குப் பெயர் ஈர்ப்பு லென்ஸ். லென்ஸ் எப்படி வளைக்கிறது என்பதை வைத்து, தெரியாத பொருள் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். அந்தக் கணக்கின் விடைதான் 'லென்ஸ் மாடல்'. 1937-இலேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, தனி நட்சத்திரத்தை விட்டுவிட்டு கேலக்ஸி அளவில் தேடுங்கள், கிடைக்கும் என்று சொன்னார். ஏபெல் 370 என்ற கொத்தின் ராட்சத வில்லை ஆய்வாளர்கள் கவனித்துச் சொன்னது 1980-களின் பாதியில்தான், அதுவும் அது கொத்துக்குப் பின்னால் வெகு தொலைவில் இருக்கும் கேலக்ஸியின் இழுபட்ட பிம்பம் என்று நிறமாலை பார்த்து உறுதி செய்ய இன்னும் கொஞ்ச காலம் ஆனது.

சரி, சேவைக்கு வருவோம்.

2013 முதல் 2016 வரை ஹபிள் ஆறு கொத்துகளை மட்டும் குறிவைத்து, மொத்தம் 840 சுற்றுகள் (பூமியை அது ஒரு முறை வலம் வருவது ஒரு சுற்று) செலவழித்துப் பார்த்தது. ஏபெல் 2744, ஏபெல் 370, ஏபெல் எஸ்1063, அப்புறம் மேக்ஸ் வரிசையில் ஜே0416, ஜே0717, ஜே1149. ஒவ்வொன்றையும் நீலத்திலிருந்து அகச்சிவப்பு வரை ஏழு வடிகட்டிகளில் எடுத்திருக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு என்னவென்றால், தரவை யாரும் முதலில் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. வழக்கமாக, பார்க்க அனுமதி வாங்கிய குழுவுக்குக் கொஞ்ச காலம் தனியுரிமை இருக்கும், அதன்பிறகே மற்றவர்களுக்கு. இங்கே முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒரே நேரம். பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் மாஸ்ட் காப்பகத்தில் போய்ச் சொடுக்கினால் இறங்குகிறது, கணக்குத் தொடங்கு, ஓடிபி கொடு என்ற தொல்லையெல்லாம் இல்லை.

ஆனால் நான் விமர்சனம் எழுத வந்தது படங்களுக்கு இல்லை. படம் அழகு, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கூடவே வரும் லென்ஸ் மாடல்கள்தான் என் விஷயம். ஹபிள் பார்க்கத் தொடங்கும் முன்பே ஐந்து குழுக்களிடம், "பழைய தரவை வைத்து இந்த ஆறு கொத்துகளுக்கும் எடை வரைபடம் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் பொதுவில் வைத்தார்கள். பின்னால் இன்னும் சில குழுக்கள் சேர்ந்தன, புதிய படங்கள் வர வர பதிப்பு இரண்டு, மூன்று, நான்கு என்று மாடல்களும் திருத்தப்பட்டன. ஆக, ஒரே கொத்துக்கு ஒரே காப்பகத்தில் பல குழுக்களின் வரைபடங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று பொருந்துவதில்லை! இதைக் குறையாக நினைத்து ஓடிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், இந்தச் சேவையில் காசு கொடுத்தாவது வாங்க வேண்டிய பொருள் அந்தப் பொருந்தாமைதான். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

குழுக்கள் எப்படி வேறுபடுகின்றன என்று தெரியாமல் வரைபடங்களை ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை. கேட்ஸ் என்ற குழுவும் கெரன் ஷாரோனின் குழுவும் லென்ஸ்டூல் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. கொத்தின் நடுவில் ஒன்றிரண்டு பெரிய கரும்பொருள் குவியல்கள், ஒவ்வொரு கேலக்ஸிக்கும் ஒரு சின்னக் குவியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் என்று வைத்துக்கொண்டு அதன் அளவுருக்களைத் தேடுவது அவர்கள் வழி. மசமுனே ஒகுரியின் கிளாஃபிக் மென்பொருளும் கிட்டத்தட்ட இதே சாதி. சிட்ரினின் ஒரு மாடல், வெளிச்சம் இருக்கும் இடத்தில்தான் எடையும் இருக்கும் என்ற அனுமானத்தில் தொடங்குகிறது. இதற்கு நேர் எதிர் லிலியா வில்லியம்ஸின் குழு: அவர்களின் கிரேல் மென்பொருள் கொத்தின் கேலக்ஸிகளைக் கண்ணெடுத்தே பார்ப்பதில்லை, வளைந்து பலவாகத் தெரியும் பிம்பங்களின் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மரபணு வழிமுறையில் (பல தீர்வுகளைக் கலந்து, நல்லதைத் தேர்ந்து முன்னேறும் கணினி முறை) எடையைப் பரப்பிப் பார்க்கிறது. டியகோவின் முறை நடுவில் நிற்கும்: கேலக்ஸிகளும் உண்டு, அவற்றுக்கு அடியில் கட்டம் போட்ட சுதந்திரமான எடையும் உண்டு. மெர்ட்டனின் வரைபடம் கொத்தின் ஓரம்வரை அகலமாகப் போகும், ஆனால் நடுவில் நுணுக்கம் குறைவு.

உள்ளே என்ன கிடைக்கும்? ஒவ்வொரு மாடலுக்கும் ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான வடிவம்) கோப்புகள். கப்பா என்பது அந்த இடத்தின் எடை அடர்த்தி, ஒளியை வில்லாக இழுக்கத் தேவையான எல்லை அடர்த்தியில் எத்தனை பங்கு என்ற கணக்கில். காமா என்பது பிம்பம் எவ்வளவு கோணலாக இழுபடும் என்பது. அப்புறம் எக்ஸ், ஒய் திசை விலகல்கள், சில குறிப்பிட்ட செம்பெயர்ச்சிகளுக்கு (ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பது, அது கூடக்கூடத் தொலைவும் கூடும்) தயாராகக் கணக்கிட்ட உருப்பெருக்க வரைபடங்கள். சிறந்த மாடல் ஒன்றோடு நிறுத்தாமல், அதைச் சுற்றிய மாற்று மாடல்களின் தொகுப்பையும் தருகிறார்கள், அதை வைத்துப் பிழை எல்லையை நாமே கணக்கிடலாம். இந்த ஒரு விஷயத்துக்கே கைகொடுக்கலாம், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலும் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு எண்ணோடு முடித்துவிடுவார்கள்.

இப்போது அந்தப் பொருந்தாமை. உருப்பெருக்கத்துக்குச் சூத்திரம் எளிது: ஒன்றிலிருந்து கப்பாவைக் கழித்து வர்க்கம் போடு, அதிலிருந்து காமாவின் வர்க்கத்தைக் கழி, வந்ததால் ஒன்றை வகு. கொத்தின் ஓரத்தில் ஓரிடம், கப்பா 0.30, காமா 0.10 என்று வையுங்கள்: உருப்பெருக்கம் 2.08. இன்னொரு குழு அதே இடத்தில் கப்பா 5 விழுக்காடு கூட, 0.315 என்கிறது: 2.18. பெரிய வித்தியாசம் இல்லை, இருவரும் கைகுலுக்கிக்கொள்ளலாம். இதையே நடுப்பகுதிக்கு அருகே செய்யுங்கள். கப்பா 0.60, காமா 0.30 என்றால் உருப்பெருக்கம் 14.3. கப்பாவை அதே 5 விழுக்காடு ஏற்றி 0.63 ஆக்கினால் 21.3! எடையில் இருவரும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறார்கள், ஆனால் அந்த எடையிலிருந்து கிடைக்கும் உருப்பெருக்கம் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எந்த மாடலும் தேவையில்லை, கால்குலேட்டர் போதும். ஆனால் காப்பகத்திலிருந்து மூன்று குழுக்களின் வரைபடத்தை இறக்கி, ஒன்றை இன்னொன்றால் வகுத்து நிறம் போட்டுப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது: ஓரங்களில் எல்லாம் அமைதியாக இருக்கும், நடுவில் உருப்பெருக்கம் எல்லையில்லாமல் எகிறும் கோட்டை ஒட்டி மட்டும் சிவப்பும் நீலமுமாகக் கொந்தளிக்கும். 'இந்தக் கேலக்ஸி 50 மடங்கு பெரிதாகத் தெரிகிறது' என்று செய்தியில் படித்தால் இப்போதெல்லாம் முதலில் எனக்கு வரும் கேள்வி, யாருடைய மாடல்படி என்பதுதான்.

கோப்பு இறக்கவும் பைத்தான் எழுதவும் நேரமில்லாதவர்களுக்கு ஒரு உருப்பெருக்கக் கால்குலேட்டரும் வைத்திருக்கிறார்கள். வானத்தில் இடத்தையும் செம்பெயர்ச்சியையும் கொடுத்தால் மாடல் வாரியாக எண்களை வரிசையாகக் காட்டும். பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், பழைய காலத்துப் படிவம் போல. ஆனால் சராசரி எடுத்து ஒரே விடையாக நீட்டாமல் எல்லாக் குழுக்களின் விடையையும் அப்படியே முன்னால் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்களே, அந்த வடிவமைப்பு முடிவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வகுப்பில் பாடம் எடுப்பவர்கள் இதை மட்டும் திரையில் காட்டினாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

மாடல்களை எந்த அளவுக்கு நம்பலாம்? இதற்கு அனுமானம் வேண்டியதில்லை, பரீட்சை வைத்தே பார்த்திருக்கிறார்கள். ஏரிஸ், ஹேரா என்று இரண்டு பொய்க் கொத்துகளைக் கணினியில் உருவாக்கி, விடையை மறைத்து, குழுக்களிடம் கொடுத்தார்கள். 2017-இல் மாசிமோ மெனெகெட்டி தலைமையில் வந்த முடிவு: நடுப்பகுதியின் மொத்த எடையைச் சிறந்த முறைகள் ஏறக்குறைய 1 விழுக்காடு அளவு துல்லியத்தில் பிடித்துவிடுகின்றன. உருப்பெருக்கம் அப்படி இல்லை, உண்மை மதிப்பு 3 ஆக இருக்கும் இடத்தில் சுமார் 10 விழுக்காடு பிழை, 10 ஆக இருக்கும் இடத்தில் சுமார் 30 விழுக்காடு. மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.

இயற்கை வைத்த பரீட்சைகள் இன்னும் சுவாரசியம். ஏபெல் 2744-க்குப் பின்னால், செம்பெயர்ச்சி 1.35-இல், டாம் என்று செல்லமாகக் கூப்பிடப்படும் ஒரு சூப்பர்நோவா (வெடித்துச் சிதறும் நட்சத்திரம்) அகப்பட்டது. 1ஏ வகை, அதாவது அதன் உண்மையான பிரகாசம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த வகை. ஆகவே லென்ஸ் அதை எத்தனை மடங்கு பிரகாசமாக்கியது என்று எந்த மாடலும் இல்லாமலே அளந்துவிடலாம். அளந்தார்கள், 2.03 மடங்கு, கூட்டல் கழித்தல் 0.29. அப்புறம் 17 மாடல்களை எடுத்து வரிசையாக ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் ஒத்துப்போயின, ஆனால் மொத்தத்தில் மாடல்கள் கொஞ்சம் அதிகமாகச் சொல்லும் பக்கம் சாய்ந்திருந்தன. 2 மடங்கு என்ற சாதுவான இடத்திலேயே இந்தச் சாய்வு.

மேக்ஸ் ஜே1149-இல் நடந்தது அதற்கும் மேல். 2014 நவம்பரில் பேட்ரிக் கெல்லி அங்கே ஒரு சூப்பர்நோவாவைக் கண்டார், கொத்தில் உள்ள ஒரு நீள்வட்டக் கேலக்ஸியைச் சுற்றி நான்கு பொட்டுகளாக. பின்னால் இருக்கும் சுருள் கேலக்ஸியின் கையில் வெடித்த ஒரே வெடிப்பு, நான்கு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ரெஃப்ஸ்டால் என்று பெயர் வைத்தார்கள், காரணம் இருக்கிறது: லென்ஸில் பலவாகத் தெரியும் சூப்பர்நோவாவின் பிம்பங்கள் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து அண்டம் விரியும் வேகத்தை அளக்கலாம் என்று 1964-இலேயே எழுதியவர் நார்வே நாட்டு ஷூர் ரெஃப்ஸ்டால். சுற்றுவழியில் வரும் இன்னொரு பிம்பம் இன்ன இடத்தில், ஏறக்குறைய இன்ன காலத்தில் தெரியும் என்று பல குழுக்கள் தங்கள் மாடல்களை வைத்து முன்கூட்டியே எழுதிக் கொடுத்தன. ஹபிள் அங்கேயே கண் வைத்திருந்தது. 2015 டிசம்பர் 11 அன்று எடுத்த படத்தில் அது வந்து நின்றது. டிஎஸ்9 மென்பொருளில் அந்தப் படத்தைத் திறந்து, அளவுகோலை லாக் முறைக்கு மாற்றி, சுருள் கேலக்ஸியின் மூன்று பிம்பங்களையும் தேடி, ஒரு பிம்பத்தின் கையிலிருக்கும் முடிச்சு இன்னொன்றில் எங்கே என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவதே தெரியாது.

இனி முக்கியமான கேள்வி: இந்த மாடல்களை இறக்கி நாமே அண்டவியல் அளக்க, அதாவது அண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது போன்றவற்றைக் கண்டுபிடிக்க, முடியுமா? நேரடியாக முடியாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பகத்தின் முகப்பைப் பார்த்தால் முடியும் போலத்தான் தோன்றும். இந்த வரைபடங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரு அண்டவியலை எடுத்துக்கொண்டு கணக்கிடப்பட்டவை: ஹபிள் மாறிலி (அண்டம் இன்று விரியும் வேகம்) 70, பொருள் 0.3 பங்கு, கருஆற்றல் (அந்த விரிவை வேகப்படுத்துவது) 0.7 பங்கு. போட்ட அனுமானத்தையே விடையாகத் திருப்பி எடுத்துக்கொள்வதில் என்ன இருக்கிறது.

ஆனால் வழி ஒன்று இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள இந்தக் கோப்புகளைவிட நல்ல இடம் இல்லை. கப்பா வரைபடத்தைக் குறிப்பிட்ட செம்பெயர்ச்சிக்கு மாற்ற வேண்டுமென்றால் ஒரு விகிதத்தால் பெருக்க வேண்டும்: லென்ஸிலிருந்து பின்னால் உள்ள கேலக்ஸிக்கு இருக்கும் தொலைவு, வகுத்தல் நம்மிடமிருந்து அதற்கு இருக்கும் தொலைவு. ஏபெல் 2744 இருப்பது செம்பெயர்ச்சி 0.308-இல். பின்னால் உள்ளது செம்பெயர்ச்சி 1-இல் இருந்தால் விகிதம் சுமார் 0.63, 9-இல் இருந்தால் சுமார் 0.87. ஆகவே ஒரே கொத்துக்கு, தொலைவுக்குத் தொலைவு அந்த எகிறும் கோடு வெளியே தள்ளிக்கொண்டே போகும். இரண்டையும் படத்தின் மேல் போட்டுப் பார்த்தால் இடைவெளி கண்ணுக்கே தெரியும். இந்த விகிதங்கள் கருஆற்றல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தவை. ஒரே கொத்துக்குப் பின்னால் வெவ்வேறு தொலைவுகளில் பல கேலக்ஸிகள் பலவாகத் தெரிந்தால், கொத்தின் எடை எல்லாவற்றுக்கும் பொது என்பதால், மிச்சமிருக்கும் வித்தியாசத்திலிருந்து அண்டவியலைக் கறக்கலாம். ஏபெல் 1689 என்ற கொத்தில் 12 கேலக்ஸிகளின் 28 பிம்பங்களை வைத்து எரிக் ஜூலோவும் கூட்டாளிகளும் 2010-இல் இதைச் செய்துகாட்டினார்கள். எக்ஸ் கதிரில் பார்த்த கொத்துகள், அண்டத்தின் ஆதி ஒளியான நுண்ணலைப் பின்னணி ஆகியவற்றின் அளவீடுகளோடு சேர்த்தபோது கருஆற்றலின் நிலைச் சமன்பாட்டு எண் (அதன் அழுத்தத்துக்கும் ஆற்றல் அடர்த்திக்கும் உள்ள விகிதம்) மைனஸ் 0.97 என்று வந்தது, பிழை 0.07. மைனஸ் 1 என்றால் ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலி.

இதை நாமும் செய்ய வேண்டுமானால் தயார் வரைபடம் போதாது, லென்ஸ்டூலை நிறுவி, பிம்பங்களின் பட்டியலைக் கொடுத்து, அண்டவியல் அளவுருக்களையும் திறந்துவிட்டு ஓட்ட வேண்டும். முடியும், ஆனால் மடிக்கணினி விசிறி இரவெல்லாம் கத்தும். பிரான்சில் வளர்ந்த மென்பொருள் என்பதால் பழைய உதாரணக் கோப்புகளில் அளவுருப் பெயர்கள் பிரெஞ்சில் இருக்கும், பயந்துவிட வேண்டாம்.

ரெஃப்ஸ்டால் விஷயத்தில் அந்த வேலையை வல்லுநர்கள் முடித்துவிட்டார்கள். கடைசிப் பிம்பம் முதல் பிம்பத்துக்கு 376 நாள் தாமதமாக வந்தது, அந்த அளவீட்டின் பிழை ஐந்தாறு நாள்தான். அதை வைத்து 2023-இல் கெல்லியும் மற்றவர்களும் கொடுத்த ஹபிள் மாறிலி, எட்டு மாடல்களையும் சேர்த்தால் 64.8, மற்ற அளவீடுகளோடு நன்றாகப் பொருந்திய இரண்டு மாடல்களை மட்டும் எடுத்தால் 66.6. இங்கேதான் கவனிக்க வேண்டும். காலத்தை ஒன்றரை விழுக்காடு துல்லியத்தில் அளந்தார்கள், ஆனால் விடையின் பிழை 5 முதல் 7 விழுக்காடு. மீதி எங்கிருந்து வந்தது? லென்ஸ் மாடல்களிலிருந்து. நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 67.4-க்கும், அருகிலுள்ள சூப்பர்நோவாக்களை வைத்து அளக்கும் 73-க்கும் நடுவே உலகமே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, இந்தப் பிழை எல்லையை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது, ரெஃப்ஸ்டால் பிளாங்க் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஜேம்ஸ் வெப் 2023-இல் வேறொரு கொத்துக்குப் பின்னால் பிடித்த 'ஹோப்' சூப்பர்நோவாவோ 75.4 என்றது, பிழை எல்லை இன்னும் அகலம். எந்த ஊடகமாவது இதில் ஒரே ஒரு எண்ணைத் தலைப்பாக்கி 'புதிர் விடுபட்டது' என்று போட்டால் நம்பாதீர்கள். மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அப்படித் துள்ள மாட்டார்கள், இதைத்தான் மேலே பொருந்தாமையின் மதிப்பு என்று சொன்னேன்.

மாடல்களை வைத்துக் கண்ட இன்னொரு விஷயமும் உண்டு, அது வேறு வகையில் தலைவலி. 2020-இல் மெனெகெட்டி குழு, ஹபிள் பார்த்த கொத்துகளில் உள்ள தனித்தனிக் கேலக்ஸிகள் சின்னச் சின்ன லென்ஸ்களாக வேலை செய்வதை எண்ணிப் பார்த்தது. கணினி உருவகங்கள் எதிர்பார்ப்பதைவிட அது பத்து மடங்குக்கும் மேல்! ஒன்று உருவகங்களில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது கரும்பொருளைப் பற்றிய நம் எண்ணத்தில் ஏதோ இடிக்கிறது. அந்தக் கட்டுரையாளர்களில் ஒருவர் பிரியம்வதா நடராஜன், கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். மேலே சொன்ன கேட்ஸ் குழுவின் முக்கியப் புள்ளிகளில் ஒருவரும் அவரே, ஆக நீங்கள் இறக்கும் கோப்புகளில் ஒரு பகுதி அவர்கள் வீட்டுச் சமையல்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு குழுவின் வரைபடமும் வெவ்வேறு பிக்சல் அளவு, வெவ்வேறு பரப்பு. இரண்டை ஒப்பிட வேண்டுமானால் முதலில் இரண்டையும் ஒரே கட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், பைத்தானின் வானியல் நூலகமான ஆஸ்ட்ரோபை சார்ந்த ரீப்ராஜெக்ட் நூலகம் அதற்கு உதவும். விலகல் வரைபடங்கள் சிலவற்றில் பிக்சல் கணக்கு, சிலவற்றில் வில்விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) கணக்கு. கோப்புப் பெயரிலேயே அது இருக்கும், கொத்தின் பெயர், குழுவின் பெயர், பதிப்பு எண்கூடப் பெயரில் இருக்கும், ஆனால் அவசரத்தில் எல்லாக் கோப்பையும் ஒரே லூப்பில் சுழலவிட்டால் விடை விசித்திரமாக வரும். எல்லாக் குழுக்களும் எல்லாக் கொத்துக்கும் எல்லாப் பதிப்பும் கொடுத்ததில்லை. இதனால் ஒரு குழுவின் பதிப்பு நான்கையும் இன்னொரு குழுவின் பதிப்பு ஒன்றையும் ஒப்பிட்டு 'எவ்வளவு வித்தியாசம் பார்' என்று சொல்லிவிடும் அபாயம் இருக்கிறது. ஒன்று ஹபிள் பார்க்கும் முன், இன்னொன்று பார்த்தபின், வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். ஒவ்வொரு குழுவின் அடைவிலும் உள்ள ரீட்மீ கோப்பைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள், சிலர் விரிவாக எழுதியிருக்கிறார்கள், சிலருடையதில் வரிகள் குறைவு.

படங்களை இறக்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. பிக்சலுக்கு 30 மில்லி வில்விநாடி, 60 மில்லி வில்விநாடி என்று இரண்டு அளவில் தருகிறார்கள். நுணுக்கமானது ஒவ்வொரு வடிகட்டிக்கும் சில நூறு எம்பி வரும். வீட்டு இணைப்பு நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காதபடி, விட்ட இடத்தில் தொடரும் இறக்கி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கு 60 மில்லி வில்விநாடி அளவில் மூன்று வடிகட்டிப் படங்களும் ஒரு கப்பா கோப்பும் ஏராளம்.

இன்னொரு விஷயம், இது குறையா எல்லையா தெரியவில்லை: ஆறு கொத்துகள் மட்டும் என்பதால் 'அண்டத்தில் மொத்தம் எத்தனை கொத்துகள், எவ்வளவு எடையில்' என்று எண்ணி அண்டவியல் அளக்கும் பாதைக்கு இது உதவாது. அதற்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். ஈரோசிட்டா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 5,259 கொத்துகளை எடுத்து, அவற்றின் எடையைப் பின்னணிக் கேலக்ஸிகளின் மிகச் சிறிய சாய்வுகளிலிருந்து அளந்து, 2024-இல் முடிவு வெளியிட்டது. அங்கே தனிக் கொத்து ஒன்றின் நுணுக்கம் யாருக்கும் கவலை இல்லை, சராசரி சரியாக இருந்தால் போதும். இரண்டும் வேறு வேறு விளையாட்டு.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண்ணை வெட்டியது கோப்புகளின் ஒழுங்கின்மைக்காக. கல்லூரியில் எம்எஸ்சி திட்ட வேலைக்குத் தலைப்பு தேடுபவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம், பைத்தான் அடிப்படையும் ஒரு வழிகாட்டியும் இருந்தால் ஒரு பருவத்துக்குள் உருப்படியாக ஏதாவது செய்யலாம். பள்ளி மாணவர்களும், அழகான படம் மட்டும் வேண்டுபவர்களும் இதற்குள் வர வேண்டாம், வண்ணப்படங்கள் ஹபிள் தளத்திலேயே தயாராக இருக்கின்றன.

மாற்றுகளும் உண்டு. அகலமாக வேண்டுமானால் 25 கொத்துகள் கொண்ட கிளாஷ், 41 கொத்துகள் கொண்ட ரெலிக்ஸ் என்ற ஹபிள் திட்டங்கள், இரண்டுக்கும் ஆழம் குறைவு. ஏபெல் 2744-க்கு ஜேம்ஸ் வெப் தரவை வைத்து அன்கவர் குழு செய்த மாடல் தனியாகக் கிடைக்கிறது, அதில் பிம்பங்களின் எண்ணிக்கையும் பரப்பும் கூடுதல், இன்றைய தேதிக்கு அந்தக் கொத்துக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தக் கொத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், பல கொத்துகள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருக்கும் இடம் அது, தலை சுற்றும். மேக்ஸ் ஜே0717 இன்னும் மோசம். ஏபெல் எஸ்1063 ஒப்பீட்டளவில் அடங்கி ஒடுங்கிய கொத்து, கப்பா வரைபடம் ஒரே மேடாக, புரியும்படி இருக்கும். முதலில் அதன் கேட்ஸ் மாடலையும் வில்லியம்ஸ் மாடலையும் மட்டும் இறக்கி ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.